மரத்தை எடுத்துக்கொண்டு பறையை விட்டவர்கள்

அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கரில் ஒரு பூங்கா இருக்கிறது. பெயர் தொல்காப்பியப் பூங்கா. 2011 ஜனவரியில் அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். 2003-இல் அவர் எழுதிய நூலின் பெயரும் இதுதான். குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து, இந்த மண்ணுக்குரிய மரங்களை வைத்து வளர்த்தார்கள். கழியில் தண்ணீர் நின்றது, பறவைகள் வந்தன. இதை நாம் மறுக்கவில்லை. நிழல் யாருக்கு வேணும்? ஏசி கார்ல போறவனுக்கா? வெயில்ல நின்னு வேலை பாக்குற நம்ம சனத்துக்குத்தான் மரம் முதல்ல வேணும்.

நம் கேள்வி பெயரிலிருந்து தொடங்குகிறது. ஓர் இடத்துக்கு இலக்கண நூலின் பெயரை வைத்தால், அந்த இலக்கணத்தைக் கொண்டே அந்த இடத்தை வாசிக்க நமக்கு உரிமை உண்டு.

தொல்காப்பியம் திணையை முதல், கரு, உரி என்று பிரிக்கிறது. கருப்பொருளாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றைச் சொல்கிறது. மரத்துக்கும் பறவைக்கும் பக்கத்திலேயே பறையும் தொழிலும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பூங்கா கட்டியவர்கள் இந்தப் பட்டியலிலிருந்து மரத்தையும் பறவையையும் விலங்கையும் எடுத்துக்கொண்டார்கள். பறையையும் தொழிலையும் கழித்துவிட்டார்கள். வலை வீசுகிறவன், மேளம் அடிக்கிறவன், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், தெருக் கூட்டுகிறவள் யாரும் இல்லாத நெய்தல் என்ன நெய்தல்? ஆளில்லாத நிலத்தைத் தொல்காப்பியர் திணை என்று சொல்லவில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தமிழய்யாக்கள் வகுப்பில் வேகமாகத் தாண்டிப் போகும் பக்கம் அது. அடியோரையும் வினைவலரையும் அகத்திணையியல் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்துகிறது. கைக்கிளையும் பெருந்திணையுமே அவர்களுக்குரியவை என்று உரைகாரர்கள் பொருள் சொன்னார்கள். ஏவல் செய்கிறவனுக்குக் காதல்கூட ஊருக்கு வெளியேதான். அப்படிப் பார்த்தால் இந்தப் பூங்காவுக்கு இந்தப் பெயர் ரொம்பப் பொருத்தம். திறந்த பிறகு பல ஆண்டுகள் குறிப்பிட்ட நாளில், முன்பதிவு செய்து, காசு கட்டியவர்களே உள்ளே போக முடிந்தது. தினக்கூலிக்காரன் எந்த நாளில் முன்பதிவு செய்வான்?

பூங்காவிலிருந்து கூப்பிடு தூரம்தான் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர். பக்கிங்காம் கால்வாய் ஓரம் தலைமுறைகளாக இருந்த வீடுகளை, உச்சநீதிமன்ற உத்தரவைக் காட்டி 2022 மே மாதம் இடித்தார்கள். மே 8 அன்று ஒரு முதியவர் தன் மேல் தீ வைத்துக்கொண்டார்; மறுநாள் இறந்துபோனார். அதற்குப் பிறகு மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் வீடு தரப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓர் உயிர் போன பிறகு பக்கத்திலேயே இடம் இருக்குதுன்னா, உயிர் போறதுக்கு முந்தியும் அந்த இடம் இருந்துச்சுன்னுதானே அர்த்தம்?

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடிசைகளையும் இப்படித்தான் பெயர்த்தார்கள். ‘இவங்கதான் ஆத்தை அடைச்சாங்க’ என்றார்கள். அந்த வெள்ளத்தை மனிதர்களால் விளைந்த பேரிடர் என்று இந்தியக் கணக்குத் தணிக்கை அறிக்கை சொன்னது. செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறந்த முறையைத்தான் அது கேள்வி கேட்டது. ஆற்றின் வாயிலேயே எம்.ஆர்.சி. நகர் இருக்கிறது, அங்கே ஐந்து நட்சத்திர ஓட்டல் இருக்கிறது. அது ஆக்கிரமிப்பு இல்லையாம், வளர்ச்சியாம். பெயர்க்கப்பட்ட நம் சனங்களில் பலரைப் பெரும்பாக்கத்து எட்டு மாடிகளில் கொண்டுபோய் அடைத்தார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பு. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த நிலம். ஒரு சதுப்பைக் காப்பாற்ற விரட்டப்பட்டவர்களை இன்னொரு சதுப்பின் ஓரத்தில் குடிவைத்துவிட்டு இதற்குச் சூழலியல் என்று பெயர்!

நம்மை வந்தேறிகளாகக் காட்டுவதுதான் இந்த அழகுபடுத்தலின் முதல் வேலை. வரலாறு வேறு சொல்கிறது. 1882-இல் பிரம்மஞான சபை அடையாற்றுக்கு வந்தது. அதன் ஆலமரத்தை ஊரே அறியும். 1989-இல் அடிமரம் சாய்ந்த பிறகும் விழுதுகளால் நிற்கிறது. ஆனால் அந்தச் சபையின் ஆல்காட் 1894-இல் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியதும் இதே அடையாற்று ஊரூரில்தான். நாலு வருசம் கழித்துப் பண்டிதர் அயோத்திதாசர் அவரைத் தேடி வந்தார். பிள்ளைகள் இருந்ததால்தானே பள்ளி வந்தது? சேரி இருந்ததால்தானே பிள்ளைகள் இருந்தார்கள்? மரத்தின் வயதைக் கணக்கெடுத்தவர்கள் சேரியின் வயதைக் கணக்கெடுக்கவில்லை.

‘பொது இடம்’ என்ற சொல்லை நமக்கு யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. பொதுத் தெருவிலும் கிணற்றிலும் குளத்திலும் நமக்கு உரிமை உண்டு என்று 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927-இல் மகத் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ள அண்ணல் அம்பேத்கர் போராட வேண்டியிருந்தது. அன்றைக்குத் தீட்டு என்றான். இன்றைக்கு ஆக்கிரமிப்பு, அசுத்தம் என்கிறான். தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வியாபாரிகளை 2013-இல் ஒரு கட்டடத்துக்குள் ஏற்றிவிட்டு, 2019-இல் அதே தெருவை ‘நடப்போருக்கான வளாகம்’ என்று திறந்தபோதும் இதே புத்திதான். அந்தத் தெருவில் நடந்து பிழைத்தவர்கள் நடப்போர் கணக்கில் சேரவில்லை.

மரம் நடுங்கள். கண்ணகி நகரில் நடுங்கள், பெரும்பாக்கத்தில் நடுங்கள், எங்கள் சந்துகளில் நடுங்கள். ஆற்றைச் சீர்செய்கிற வேலையை ஆற்றோரம் வாழ்கிறவர்களுக்கே நிரந்தர வேலையாகக் கொடுங்கள். நடையில் போகும் தூரத்தில் வீடு கொடுத்துவிட்டு அப்புறம் கரையைத் தொடுங்கள். கருப்பொருள் பட்டியலை முழுசாகப் படியுங்கள். பறையும் தொழிலும் திரும்பி வராத வரைக்கும் அது திணை ஆகாது, வேலி போட்ட தோட்டம்தான்.