வாரிசுக் கணக்கும் மொழி மாதிரியின் தர்க்கமும்

முன்பு கற்ற பெருந்தொகையான எழுத்திலிருந்து, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துச் சொல்லும் கணினி நிரலே மொழி மாதிரி எனப்படுகின்றது. அது சரியான விடை தரும்போது, விதிகளைப் பொருத்திப் பார்த்து அவ்விடையை அடைந்ததா, எங்கோ படித்த விடையைச் சாயல் கண்டு ஊகித்ததா என்பதை அறிய ஆய்வாளர் கையாளும் முறைகளை எடைபோடுவதற்கு, இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையிலான முஸ்லிம் ஊர்களின் வாரிசுரிமைக் கணக்கு நல்லதோர் உரைகல்லாகும். மரணசாசனம் எழுதாது இறந்த முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த பிரிவின் சட்டப்படி பங்கிடப்பட வேண்டும் என்று 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூறுவதால், ஷாபிஈ மத்ஹப் என்னும் சட்டப் பிரிவைப் பின்பற்றுவோர் மிகுந்த இக்கரையில் அக்கணக்கு வெறும் ஏட்டுப் பயிற்சியன்று.

மனைவி, இரு மகள்மார், தாய், தந்தை ஆகியோரை விட்டு ஒருவர் இறந்தால், மனைவிக்கு எட்டிலொன்றும், மகள்மாருக்கு மூன்றில் இரண்டும், பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆறிலொன்றும் உரியன. சொத்தை 24 பங்காக்கினால் 3, 16, 4, 4 எனக் கூட்டுத்தொகை 27 ஆகிவிடுகின்றது. ஆகவே அவ்ல் எனப்படும் முறையில் மொத்தத்தை 27 ஆக உயர்த்தி, எல்லோருடைய பங்கையும் விகிதப்படி குறைப்பர். கலீபா அலி (ரலி) அவர்கள் மிம்பர் என்னும் பிரசங்க மேடையில் நின்றவாறே விடுவித்ததாக மரபு கூறும் இக்கணக்கு பிக்ஹு எனப்படும் இஸ்லாமியச் சட்ட நூல்களில் பரவலாகக் காணப்படுவதால், மாதிரி இதைச் சரியாகச் செய்வது அதன் தர்க்கத்தைப் பற்றி ஏறக்குறைய எதையும் காட்டாது. தந்தையை மட்டும் நீக்கினால் 23 பங்குகளே செலவாகி ஒன்று எஞ்சும். இறந்தவருக்குச் சகோதரர் முதலிய ஆண்வழி உறவினர் உளரா என்று வினவாமல் அதை எவருக்கும் கொடுக்க இயலாது. அப்போதும் 27 என்றே சொல்லும் மாதிரி சாயலைப் பிடித்ததேயன்றி விதியைப் பிடிக்கவில்லை.

கேள்வியைச் சற்றே மாற்றிப் பார்க்கும் இம்முறைதான் இன்றுள்ளவற்றுள் நேர்மையானது. ஆப்பிள் நிறுவன ஆய்வாளர்கள் 2024இல் பள்ளிக் கணக்குகளின் எண்களை மாற்றியபோதே மாதிரிகளின் மதிப்பெண்கள் குறைந்தன; தொடர்பற்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்தபோது சில மாதிரிகளில் வீழ்ச்சி 65 சதவீதம் வரை சென்றது. எனினும் மனிதரும் அத்தகைய வாக்கியத்தால் தடுமாறுவர் என்பதால், சறுக்கலை மட்டும் கொண்டு தர்க்கமே இல்லை என்று தீர்ப்பளிப்பது மிகை. இதைவிட ஆழமான குறையொன்றும் உண்டு: எது தொடர்பற்றது என்பதை முடிவு செய்பவர் யார்? கலியாணத்தின்போது மூத்த மகளுக்கு வளவும் வீடும் நன்கொடை உறுதியாக எழுதிக் கையளிக்கப்பட்டன என்ற செய்தி, இவ்வூர்களின் வழமையை அறியாத தேர்வாளருக்குப் பயனற்ற சேர்க்கையாகத் தோன்றலாம். உண்மையில் அது மகளின் பின்னப் பங்கைக் குறைப்பதில்லை; ஆனால் அவ்வீட்டைப் பங்கிடவேண்டிய சொத்திலிருந்தே விலக்கிவிடுகின்றது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே தர்க்கம்.

விடையோடு வழிமுறையையும் எழுதச் சொல்லி அதை வாசித்துத் தீர்மானிப்பது மற்றொரு முறை. அதுவும் முழு நம்பிக்கைக்குரியதன்று. ஆந்த்ரொபிக் நிறுவனம் 2025இல் தனது மாதிரியின் உட்செயலை ஆராய்ந்தபோது, 36ஐயும் 59ஐயும் கூட்டுகையில் அது ஒரு பாதையில் தோராயமான தொகையையும் இன்னொன்றில் இறுதி இலக்கத்தையும் கணித்தது. எவ்வாறு கூட்டினாய் என்று கேட்டபோதோ, பள்ளியில் கற்பிக்கும் முறையை விளக்கியது. விளக்கம் ஒன்று, நிகழ்ந்தது வேறொன்று. ஆயினும் உள்ளே நிகழ்ந்ததை வெறும் ஊகம் என்று தள்ளுவதும் பொருந்தாது. அங்கு நடந்தது மனிதர் எழுதிச் செய்யாத வகையிலான ஒரு கணக்கீடு.

இஸ்லாமிய வாரிசுரிமை பற்றி 1,000 பல்தேர்வு வினாக்களைக் கொண்டு 2025இல் நடத்தப்பட்ட சோதனையில் சில மாதிரிகள் 90 சதவீதத்தைத் தாண்ட, வேறு சில 50 சதவீதத்தையும் எட்டவில்லை. இந்த இடைவெளி பயனுள்ள செய்தியே. ஆனால் பல்தேர்வுக்கு ஒரே முடிந்த விடை வேண்டும். தந்தை இல்லாத கணக்கில் எஞ்சிய அந்த ஒரு பங்கோ, ஆண்வழி உறவினர் இல்லாதபோது, முற்கால ஷாபிஈ அறிஞர்களின் கருத்துப்படி பைத்துல்மால் எனும் பொதுநிதிக்கும், பிற்காலத்தோரின் கருத்துப்படி, பைத்துல்மால் முறையாக இயங்காவிடின், தாய்க்கும் மகள்மாருக்குமே விகிதப்படி திரும்பும். இங்கு மதிப்பெண் பெறவேண்டியது விடையன்று. விடை எந்த நிபந்தனையில் தங்கியுள்ளது என்று மாதிரி சொல்கின்றதா என்பதே. அத்தகைய விடையைத் திருத்துவதற்கு பிக்ஹும் காணி உறுதியும் ஒருங்கே அறிந்தவரின் கண் தேவைப்படும்.