அழுதுக்கிட்டேவா கொழுந்து கிள்ளுனாக?

'இப்ப என்ன படிச்சிட்டிருக்கீங்க?' என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஒரு நாவலின் பெயரைச் சொல்வீர்கள். 'பிரமாதமா இருக்கு' என்பீர்கள். கேட்டவர் தலையாட்டுவார். அடுத்த நிமிஷம் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும். நானும் இப்படித்தான் இருந்தேன், போடிமெட்டில் ஒரு ஜீப் பஞ்சராகும் வரை.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடிந்தும் விடியாததுமாக ஜீப்புகள் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு இந்த வழியாகக் கேரளப் பக்கம் போகும். பொழுது சாய்ந்தால் திரும்பும். மெட்டில் டீக்கடை வாசலில் நான் நின்றிருந்தபோது அப்படி ஒரு ஜீப் டயர் போய் நின்றது. பெண்கள் இறங்கி முக்காடு போட்டுக்கொண்டு பனியில் நின்றார்கள். அதில் ஒரு பெண்ணின் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு புத்தகம் எட்டிப் பார்த்தது. பழைய காலண்டர் தாளில் அட்டை.

"என்ன புக்கும்மா?"

"எரியும் பனிக்காடு சார். டீ எஸ்டேட் கதை."

எனக்கு ஆச்சரியம். பி.எச். டேனியல் என்ற டாக்டர் 'ரெட் டீ' என்று 1969-ல் ஆங்கிலத்தில் எழுதியது. இரா. முருகவேள் தமிழில் கொண்டுவந்தார். பாலாவின் 'பரதேசி' படத்துக்கு (2013) அடிப்படையும் இதுதான். வெள்ளைக்காரன் காலம். திருநெல்வேலிப் பக்கத்துக் கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி, கையில் கொஞ்சம் முன்பணத்தோடு ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். பிறகு கடன், காய்ச்சல், அடி, சாவு. இந்த நாவலைப் பற்றி நான் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். 'கண் கலங்காமல் படிக்க முடியாது' என்கிற ரகத்தில்.

அந்தப் பெண் ராத்திரி படிப்பாராம். காலையில் ஜீப்பில் மற்றவர்களுக்குச் சொல்வாராம். "கீழ ஆரம்பிச்சா மெட்டு வர்றதுக்குள்ள ஒரு அத்தியாயம் முடிஞ்சிரும் சார்."

"எல்லாருக்கும் பிடிச்சிருக்கா?"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு வயசான அம்மாவைக் காட்டினார். "இவுகதான் தெனமும் சண்டைக்கு வர்றாக."

அந்தம்மா டீயை ஊதிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "கதை நெசந்தேன் தம்பி. கங்காணிகிட்ட முன்பணம் வாங்கிட்டுப் போயி, திரும்பாதவுக கதையெல்லாம் எங்க ஆத்தா சொல்லிருக்கு. ஆனா இந்தப் புள்ள சொல்லச் சொல்ல, எல்லாரும் அழுதுக்கிட்டேல்ல இருக்காக? அழுதுக்கிட்டேவா கொழுந்து கிள்ளுனாக? நானும் வயசுல தேவிகுளம் பக்கம் கிள்ளிருக்கேன். கங்காணி நடக்குற மாதிரி ஒருத்தி நடந்து காட்டுவா. வயிறு வலிக்கச் சிரிப்போம். அத எழுதலையா அவரு?"

என்னிடம் பதில் இல்லை. டயர் மாட்டியாச்சு, ஜீப் போய்விட்டது.

ஊர் திரும்பியதும் நாவலை மறுபடி எடுத்தேன். அந்தம்மா சொன்னது பெரும்பாலும் சரி. கருப்பனும் வள்ளியும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் அன்பு அழகாக வந்திருக்கிறது. ஆனால் சிரிப்புக்குப் பஞ்சம். ஏன் என்று யோசித்தால், எழுதியவர் எஸ்டேட் டாக்டர். டாக்டரிடம் யாரும் சிரிப்பதற்காகப் போவதில்லை. ஜன்னியிலும் ரத்தத்திலும்தான் அவர் ஜனங்களைப் பார்த்திருப்பார். அதற்காக அவரைக் குறை சொல்லிவிட முடியுமா? அவர் எழுதாமல் போயிருந்தால் எத்தனையோ சாவுகள் கணக்கில்லாமலே போயிருக்கும். நாவலின் பலமும் அதுதான், குறையும் அதுதான்.

ஆனால் என் குறை வேறு. சிரிப்பு இல்லாததை நான் கவனிக்கவே இல்லை. கூலிக்காரர் கதை என்றால் கண்ணீர் வர வேண்டும், வந்துவிட்டது, நல்ல நாவல் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். யோசித்துப் பாருங்கள்: கங்காணி மாதிரி நடந்து காட்டுகிறவள் அவனுக்கு முழுசாக அடங்கிப்போனவள் இல்லை. அவளை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பவர்கள்மேல் நமக்குப் பரிதாபம் வரும், மரியாதை வருமா? லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) இதே மலைச் சரிவின் கதை. ரங்கசாமியின் ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் போகும்போது நமக்கு அடிவயிறு கலங்குகிறதே, எதனால்? அதற்கு முன்னால் அந்த ஜனங்களோடு நடந்து, டீ குடித்து, கேலி பேசிச் சிரித்திருக்கிறோம். அதனால்தான்.

கடைசிவரை அந்தம்மா அந்தப் புத்தகத்தைத் தொட்டதில்லை, படிக்கத் தெரியாதாம். காதால் கேட்டே, நான் கோட்டைவிட்டதைப் பிடித்துவிட்டார். ஆகவே, அடுத்த முறை யாராவது என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டால் பெயரோடு நிறுத்தாதீர்கள். எந்த இடத்தில் உங்களுக்கு ஒப்பவில்லை என்பதையும் சொல்லுங்கள். அப்போதுதான் கேட்கிறவருக்கும் படிக்கத் தோன்றும், உங்களோடு சண்டை போடவாவது.

புதுமைப்பித்தன் 1930-களில் எழுதிய 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதை. அது இருக்கிற தொகுப்பை அந்த டீக்கடையில் கொடுத்து, ஜீப் வந்தால் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். இந்நேரம் 17 வளைவுக்குள் கதை முடிந்திருக்கும். அந்தம்மா என்ன சொல்லப் போகிறாரோ, புதுமைப்பித்தனை நினைத்தால்கூடக் கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது.