ஞாயிறு ஓட்டத்தின் பிழைக்கணக்கு

கிள்ளான் பள்ளத்தாக்கில் மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கும் பகுதிநேர ஓட்டக்காரர்களிடம் கால்வலியைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் கிடைக்கும். குதிநாணிலோ, கெண்டைக்காலிலோ, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பிலோ வலி வருகிறது. இரண்டு வாரம் ஓய்வு எடுக்கிறார்கள், வலி போகிறது. மறுபடி ஓடத் தொடங்கிய சில வாரங்களில் அதே காலில், அதே இடத்தில் அது திரும்பி வருகிறது. முதல் காயத்தைத் தற்செயல் என்று சொல்லிவிடலாம். நான்காவது முறையும் அதே இடம் நோகும்போது காலை விசாரித்துப் பயனில்லை. பின்பற்றும் முறையைத்தான் விசாரிக்க வேண்டும்.

நம்மிடையே புழங்கும் மருத்துவங்களையும் பயிற்சி விதிகளையும் மூன்று அளவுகோல்களில் வைத்துப் பார்க்கிறேன். வலியைத் தணிக்கிறதா? திரும்பி வருவதைத் தடுக்கிறதா? விடியுமுன் ஓடிவிட்டு வேலைக்குக் கிளம்பும் ஒருவரால் தொடர்ந்து செய்ய முடிகிறதா? இவற்றில் இரண்டாவதற்கே கூடுதல் எடை தருகிறேன். ஓட்டக் காயங்களுக்கான காரணிகளைத் தொகுத்து ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டு மதிப்பாய்வில் மிக உறுதியாக நின்ற காரணி, கடந்த 12 மாதங்களுக்குள் ஏற்பட்ட முந்தைய காயம். மறுவருகையைத் தடுக்காத சிகிச்சை அடுத்த காயத்துக்கே வழிவிடுகிறது.

ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்குப் போகும் களத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிரிட்டிஷ் தோட்ட முதலாளி எட்வர்ட் வாலண்டைன் கேரியின் பெயரைத் தாங்கிய கேரி தீவு, லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் விரியும் செம்பனைத் தோட்டம். மா மேரி பழங்குடி மக்களின் ஊரும், நம்மவர் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட தோட்டப் பிரிவுகளும் அங்குண்டு. நீண்ட ஓட்டத்துக்கு அது தரும் வசதி உண்மையானது. தரை தட்டை, சாலை நேர், நகரத்துச் சிக்னல் கிடையாது. ஆனால் அந்த வசதியின் உள்ளேயே இரண்டு குறைகள் இருக்கின்றன. தட்டையான நேர்ச்சாலையில் ஒவ்வோர் அடியும் முந்தைய அடியைப் போலவே விழுவதால், ஒரே திசு ஒரே கோணத்தில் ஆயிரக்கணக்கான முறை சுமை வாங்குகிறது. அப்படிப் பழகிய கால், மேடுகள் உள்ள கோலாலம்பூர் மாரத்தான் பாதையில் ஏறும்போது கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் புதுச் சுமை வருகிறது. இரண்டாவது குறை இன்னும் பெரியது. காரைப் பாலத்தருகே நிறுத்திவிட்டு 12 கிலோமீட்டர் போய்த் திரும்பும் ஓட்டத்தில், பத்தாவது கிலோமீட்டரில் வலி தொடங்கினால் என்ன செய்வது? நின்றாலும் பத்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆகவே பலரும் ஓடியே திரும்புகிறார்கள். பாதையின் வடிவமே தவறான முடிவைத் திணிக்கிறது.

இனி மருத்துவங்கள். ஓய்வும் பனிக்கட்டியும் முதலில் நினைவுக்கு வருபவை. ஓய்வு, பனி, இறுக்கம், உயர்த்தல் என்ற நான்கையும் ஒரே சொல்லாக்கி 1978இல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். 2014இல் அவரே, பனியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் நிலையை மாற்றிக்கொண்டார். தம் பெயரோடு ஒட்டிய விதியைச் சான்று மாறியதும் கைவிடும் நேர்மை எந்தத் துறையிலும் அரிது. விதி மட்டும் நம் ஓட்டக் குழுக்களில் மாறாமல் இருக்கிறது. புதிதாய்ப் பிசகிய கணுக்காலில் பனி வலியைக் குறைக்கும். அது அதன் தகுதி. மாதக்கணக்கில் தேய்ந்த குதிநாணுக்கு அதனால் பெரிய பயன் கிடையாது. ஓய்வு வலியை அடக்குகிறது, கூடவே திசுவின் தாங்குதிறனையும் குறைக்கிறது. மறுவருகையின் பாதிக் கதை இந்த இரண்டாம் விளைவில் அடங்கியிருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்களை நம்பும் ஓட்டக்காரர்கள் நிறைய. அந்தக் கைகளின் நுட்பத்தை மதிக்கிறேன். இறுகிய கெண்டைக்காலை அவர்கள் தளர்த்தும் விதம் முதல் அளவுகோலில் நல்ல மதிப்பெண் பெறும். ஆனால் உருவிவிடுவதால் தசைநாணின் வலிமை கூடுவதில்லை. அன்றைய ஆறுதலை அடுத்த வாரக் காப்பாக எடுத்துக்கொள்வது நம் தவறு, அவர்களுடையதல்ல. ஓடுமுன் தசையை நீட்டி இழுக்கும் வழக்கம் காலில் வரும் ஓட்டக் காயங்களைக் குறைக்கிறது என்பதற்கு 2011இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வில் தக்க சான்று கிடைக்கவில்லை. பிடித்தால் செய்யலாம், காப்பென்று எண்ண வேண்டாம்.

காலணி விவாதம் தன் தகுதிக்கு மீறிய இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. பாத வளைவைப் பார்த்துக் காலணி தருவது அறிவியல் போலத் தோன்றும். அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, கடற்படைக் காலாட்படை ஆகிய மூன்றின் அடிப்படைப் பயிற்சியிலும் அதைச் சோதித்தார்கள், காயங்கள் குறையவில்லை. 2009இல் கிறிஸ்டோபர் மெக்டூகலின் நூல் வெறுங்கால் ஓட்டத்தை இயக்கமாக்கியபோது எதிர்த்திசையில் அதே மிகை நடந்தது. விரல்கள் பிரிந்த மெல்லிய காலணி செய்த வைப்ரம் நிறுவனம், உடல்நலப் பயன்கள் குறித்த விளம்பர வாசகங்களுக்காக வழக்கைச் சந்தித்து, 2014இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. இந்தச் சந்தடியில் கவனிக்கத்தக்கதாக நான் கருதுவது லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் தொடர்ந்த ஆய்வு. ஒன்றுக்கு மேற்பட்ட காலணிகளை மாற்றி மாற்றி அணிந்தவர்களுக்குக் காய அபாயம் 39 விழுக்காடு குறைவாக இருந்தது. அது கவனிப்பு ஆய்வு, காரணத்தை நிறுவவில்லை. ஆனாலும் சுமை ஒரே மாதிரி விழக்கூடாது என்ற தர்க்கத்தோடு அது ஒத்துப்போகிறது. கேரி தீவின் தட்டைச் சாலைக்கு அந்தத் தர்க்கம் இரட்டிப்பாகப் பொருந்தும்.

இந்தத் துறையின் உண்மையான சாதனை சுமைப் பயிற்சிதான். சுவீடனின் உமேயோ நகரத்து மருத்துவர் ஹாகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட முறை மிக எளியது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நோகும் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி ஒரு சுற்று, மடக்கி ஒரு சுற்று. ஒவ்வொன்றிலும் 15 தடவை வீதம் மூன்று தொகுதி, காலையும் மாலையும், 12 வாரம். நாளொன்றுக்கு 180 இறக்கம். எளிதானபின் முதுகுப்பையில் எடை சேர்க்க வேண்டும். நெடுங்கால வலியோடு இருந்த 15 பகுதிநேர ஓட்டக்காரர்களும் பழைய அளவில் ஓடத் திரும்பினார்கள்.

அந்த ஆய்வைப் புகழ்வோர் அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒப்பிடப்பட்ட குழுவினர் அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். எண்ணிக்கையும் சிறிது. நாணின் நடுப்பகுதி வலிக்கு நன்றாக வேலைசெய்யும் இம்முறை, நாண் எலும்போடு சேரும் இடத்து வலிக்கு மூன்றில் ஒருவருக்குத்தான் பயன் தந்தது என்று 2003இல் தெரியவந்தது. இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே படிக்கட்டைக் காட்டுவது பிழை. நாளுக்கு 180 என்பதும் என் மூன்றாம் அளவுகோலில் தள்ளாடுகிறது. பன்னிரண்டு வாரம் ஒரு நாளும் தவறாமல் செய்து முடிப்பவர்கள் சிலரே. அந்த இடைவெளியை 2015இல் வெளிவந்த டேனிஷ் ஆய்வு நிரப்பியது. வாரத்துக்கு மூன்று முறை, அதிக எடையோடு, மிக மெதுவாக ஏற்றி இறக்கும் பயிற்சி ஓராண்டு முடிவில் ஆல்ஃப்ரெட்சன் முறைக்கு நிகரான பலன் தந்தது. 12 வார முடிவில் நிறைவு தெரிவித்தவர்கள் இதில்தான் கூடுதல். அதே ஆண்டு, பாதத்தின் அடித்திசு வலிக்கு, விரல்களுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் குதிகாலை உயர்த்தும் பயிற்சி, மூன்றாம் மாதத்தில் நீட்டிப் பயிற்சியை முந்தியது. ஓராண்டில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். இருந்தாலும், பந்தயத்துக்கு நான்கு மாதம் இருக்கும் ஒருவருக்கு அந்த மூன்று மாத முந்துதல் சிறிய விஷயமில்லை.

இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டியது சில்பர்நாகல் குழுவின் 2007ஆம் ஆண்டு ஆய்வு. பத்துக்கு ஐந்து வரையிலான வலியோடு, அது மறுநாள் காலைக்குள் அடங்குமானால், சிகிச்சைக் காலத்திலும் ஓடலாம் என்று குதிநாண் நோயாளிகளை அனுமதித்தார்கள். ஓட்டத்தை நிறுத்தியவர்களைவிட அவர்கள் மோசமாகவில்லை. வலியை முழுத் தடையாகவும் எடுக்காமல், முற்றாகப் புறக்கணிக்கவும் செய்யாமல், அளவுமானியாகப் பயன்படுத்தும் இந்த அணுகுமுறையில் ஒரு முதிர்ச்சி இருக்கிறது.

அடுத்தது பயிற்சித் திட்டம். என் முதன்மையான வழக்கு இதன்மேல்தான். வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்ற விதியை அறியாத ஓட்டக்காரர் இல்லை. நெதர்லாந்தின் குரோனிங்கனில், ஒரு நான்கு மைல் ஓட்டத்துக்குத் தயாரான புதியவர்களை இரு குழுக்களாகப் பிரித்து அந்த விதியைச் சோதித்தார்கள். 2008இல் வந்த முடிவு: விதிப்படி 13 வாரம் பயின்றவர்களில் 20.8 விழுக்காட்டினருக்கும், வழக்கமான 8 வாரத் திட்டத்தில் 20.3 விழுக்காட்டினருக்கும் காயம். வேறுபாடு இல்லை எனலாம். விதி தோற்றதா? அதன் எச்சரிக்கை உணர்வு சரி, எடுத்துக்கொண்ட அலகுதான் தவறு என்பது என் கருத்து. 2025இல் 5,205 ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரப் பதிவுகளை 18 மாதம் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் அதற்கு வலுவான ஆதாரம் தந்தார்கள். வாரத்துக்கு வாரம் கூடிய தூரம் காயத்தோடு தொடர்பு காட்டவில்லை. கடந்த 30 நாள்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தை ஒரே ஓட்டத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் தாண்டியபோதுதான் அபாயம் எழுந்தது: 10 முதல் 30 விழுக்காடு வரை தாண்டினால் 64 விழுக்காடு கூடுதல், இரு மடங்குக்கு மேல் போனால் 128 விழுக்காடு கூடுதல். இடைப்பட்ட அளவில் 52 விழுக்காடுதான். அபாயம் படிப்படியாக ஏறாமல் நடுவில் தணிவதை அந்த ஆய்வு நன்கு விளக்கவில்லை. காயங்களும் ஓடியவர்களே சொன்னவை; அவர்களில் ஆண்களே மிகுதி. இத்தனைக்கும் பிறகு, இதுவரை நான் வாசித்தவற்றில் நம் ஞாயிற்றுக்கிழமைகளை இவ்வளவு துல்லியமாகத் தொட்ட ஆய்வு வேறில்லை.

இதைத் தொடக்கத்தில் சொன்ன கதையோடு பொருத்துங்கள். ஒருவர் மாரத்தான் திட்டத்தின் ஆறாவது வாரத்தில் வலியால் நிற்கிறார். மூன்று வாரம் ஓய்வு. வலி போனதும் அட்டவணையைத் திறக்கிறார். அது பத்தாவது வாரம், 24 கிலோமீட்டர் என்கிறது. கடந்த 30 நாள்களில் அவர் ஓடிய மிக நீண்ட தூரம் 14 கிலோமீட்டர். அட்டவணை நடந்துகொண்டே இருந்தது, கால் அங்கேயே நின்றது. ஓய்வில் கொஞ்சம் பின்னுக்கும் போனது. அவர் திரும்பும் நாளிலேயே 71 விழுக்காடு தாண்டுகிறார். கேரி தீவில் காரைவிட்டு 12 கிலோமீட்டர் தள்ளிப் போய், திரும்பியாக வேண்டிய கட்டாயத்தோடு. மறுவருகைக்கு மர்மமான உடற்காரணம் தேடுமுன் இந்தக் கூட்டல் கழித்தலைப் பார்க்க வேண்டும்.

ஏன் அட்டவணைக்கே திரும்புகிறார்கள்? பந்தயத் தேதி. 2009இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் கோலாலம்பூர் மாரத்தானுக்குப் பதிவு மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். கட்டிய பணமும் நண்பர்களின் கூட்டும் தேதியைக் கல்லில் பொறித்ததாக ஆக்கிவிடுகின்றன. ஆனால் 2013இல் புகைமூட்டத்தால் அந்தப் பந்தயம் ஜூனிலிருந்து செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. 2015இல் முந்தின நாள் ரத்தானது. காற்றுக்காக ஏற்பாட்டாளர்கள் செய்ததைத் தம் காலுக்காக ஓட்டக்காரர் செய்யத் தயங்குகிறார். மாரத்தானிலிருந்து அரை மாரத்தானுக்கு இறங்குவதைத் தோல்வியாகப் பார்க்கும் மனநிலை, ஓட்டம் முடிந்து பசியாறும் மேசைகளில் ஊட்டி வளர்க்கப்படுகிறது. அனுபவம் உள்ளவர்களே அதை மாற்ற முடியும், அவர்களே அதை மாற்றவில்லை என்பது எனக்கு வருத்தம்.

என் தீர்ப்பில் ஒரு விலக்கு உண்டு, அதில் தளர்வு கூடாது. கணைக்கால் எலும்பில் விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு புள்ளியில் வலி, நடக்கும்போதும் இரவிலும் விடாத வலி, ஒற்றைக்காலில் குதித்தால் கூர்மையாகும் வலி ஆகியவை எலும்புக் கீறலின் அடையாளங்களாக இருக்கலாம். அங்கே பத்துக்கு ஐந்து என்ற கணக்கு செல்லாது, படிக்கட்டுப் பயிற்சியும் செல்லாது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே தெளிவாக இருப்பதை வைத்து நிம்மதியடையவும் கூடாது; கீறல் பல வேளைகளில் எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். மாதவிலக்கு ஒழுங்கு தவறிய பெண்கள், உணவைக் குறைத்து ஓடுபவர்கள் இந்த வலியோடு அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் விளையாட்டு மருத்துவப் பிரிவு இருக்கிறது.

மற்றவர்களுக்கு: வாரம் மூன்று முறை கனமான, மெதுவான குதிகால் பயிற்சி முதலிடம் பெறுகிறது. அதற்கு இணையாக, அட்டவணையின் வார எண்ணை மறந்து, தன் கடந்த 30 நாள்களின் நீண்ட ஓட்டத்தோடு பத்து விழுக்காட்டுக்குள் நிற்கும் கட்டுப்பாடு. மசாஜ், காலணி மாற்றம் துணைக்கு. பனியும் நீட்டிப் பயிற்சியும் விருப்பத்துக்கு. கேரி தீவில் இதை நடைமுறையாக்க ஒரு மாற்றம் போதும். தோட்டச் சாலைகள் கட்டம் கட்டமாகப் பிரிகின்றன. காரை நடுவில் நிறுத்தி, ஓட அனுமதியுள்ள சாலைகளில் நான்கு கிலோமீட்டர் சுற்று ஒன்றை வகுத்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வலிக்கு மதிப்பெண் போட வேண்டும். ஐந்தைத் தாண்டினால் தண்ணீர் குடித்துவிட்டுக் காரில் ஏறிவிடலாம். அன்று ஓடிய தூரம் அடுத்த 30 நாள்களின் கணக்கில் அப்படியே நிற்கும்.