பந்தை மாற்றிய பெட்டி

ஒருநாள் கிரிக்கெட் போட்டியில் 34 ஓவர் முடிந்ததும் இப்போது ஒரு பந்து ஓய்வு பெறுகிறது. இரு முனைகளிலும் வீசிவந்த இரண்டில் ஒன்றைப் பந்துவீசும் அணி தேர்ந்தெடுத்து, மிச்ச 16 ஓவரையும் அதிலேயே வீச வேண்டும். 2025 ஜூலையில் வந்த விதி இது. சின்ன மாற்றம்தான். ஆனால், தொலைக்காட்சியோடு பந்துக்கு உள்ள பழைய கணக்கு இதில் இருக்கிறது.

1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு அடிடாஸ் தந்த டெல்ஸ்டார் கால்பந்தில் 20 வெள்ளை அறுகோணங்கள், 12 கறுப்பு ஐங்கோணங்கள். கறுப்பு-வெள்ளைத் திரையில் பளிச்சென்று தெரியவே அந்த வடிவம். 1972-இல் டென்னிஸ் மஞ்சள் பந்துக்கு இடம் கொடுத்ததும் வண்ணத் திரைக்காகவே. விம்பிள்டன் மட்டும் 1986 வரை வெள்ளையை விடவில்லை. இரண்டு ஆட்டங்களிலும் நிறம் மாறியதோடு சரி.

கிரிக்கெட்டில் அப்படி முடியவில்லை. ஒளிபரப்பு உரிமை கிடைக்காத ஆஸ்திரேலிய சேனல் 9 அதிபர் கெர்ரி பேக்கர், 1977-இல் நட்சத்திர வீரர்களை வளைத்துத் தனித் தொடரே தொடங்கினார். வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் பார்க்க வேண்டுமே! ஆட்டம் இரவுக்கு நகர்ந்தது. விளக்கொளியில் சிவப்புப் பந்து கண்ணுக்குச் சிக்காது என்பதால் வெள்ளைப் பந்து வந்தது. 1992-இல் அது உலகக் கோப்பைக்கும் ஏறியது.

வெள்ளைப் பந்தின் நோய், சீக்கிரம் அழுக்கேறுவது. மருந்தாக 2011 அக்டோபரில், முனைக்கு ஒரு புதுப்பந்து என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) மீண்டும் விதித்தது. அதனால் ஐம்பதாவது ஓவரிலும் பந்தின் வயது 25 ஓவர்தான். ஒரு பக்கம் சொரசொரப்பாகத் தேய்ந்தால்தான், பழைய பந்து எதிர்த்திசையில் வளையும் ரிவர்ஸ் ஸ்விங். அதற்கு அவகாசமே இல்லை. கெட்டி குறையாத பந்து, சுழற்பந்து வீச்சாளரின் பிடியில் நிற்காமல் மட்டையில் பட்டுப் பறந்தது. 2018-இல் சச்சினே இதைக் கண்டித்தார். பாகிஸ்தானின் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் வக்கார் யூனிஸ் ஆமோதித்தார்.

ஸ்கோர்போர்டும் அதையே சொல்கிறது. 2011 விதிக்கு முன் ஆடவர் ஒருநாள் போட்டிகளில் இரட்டைச் சதம் ஒன்றே ஒன்று, 2010-இல் குவாலியரில் சச்சின் அடித்தது. அதற்குப் பின் பத்துக்கும் மேல். ரோகித் சர்மா மட்டும் மூன்று. தடித்த மட்டைகளுக்கும் களத்தடுப்புக் கட்டுப்பாடுகளுக்கும் இதில் பங்குண்டு. ஆனால், பந்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட முடியாது.

புதிய விதியில், தேர்ந்தெடுத்த பந்து கடைசி ஓவரில் 33 ஓவர் பழசாக இருக்கும். கூடுதலாகக் கிடைப்பது எட்டு ஓவர் தேய்மானம். நேயரின் கண்ணுக்காகப் பந்துவீச்சாளரின் விரல்கள் இத்தனை வருடம் கட்டிவந்த வட்டியில் இது சிறு தள்ளுபடி. அசல் அப்படியே நிற்கிறது.