புல்லுருவி யார்?

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே அமைந்த ஸ்ரீரங்கத்தில், சென்ற மாதம் ஒரு திங்கள் மாலை, நண்பர் ஒருவர் தம் வீட்டு மாடியில் வெள்ளைத் துணி கட்டி ஒரு கொரியப் படத்தைத் திரையிட்டார். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களுமாக ஏறத்தாழ நாற்பது பேர் கூடியிருந்தோம். அயல்நாட்டுப் படம் திருச்சிக்குப் புதிதன்று. இங்கே இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, இயேசுவின் வாழ்வைச் சொல்லும் மௌனப் படத்தை மக்களுக்குக் காட்டினார். அப்படத்தைக் கண்டோர் வியந்திருப்பர். ஸ்ரீரங்கத்து மாடியில் நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இங்கே எழுத விழைகிறேன்.

படத்தின் பெயர் 'பாரசைட்'. நம் வழக்கில் சொன்னால் புல்லுருவி. போங் ஜூன் ஹோ இயக்கிய இப்படம் 2019இல் கான் விழாவின் தங்கப்பனை விருதையும், 2020இல் நான்கு ஆஸ்கர் விருதுகளையும் பெற்றது. ஆங்கிலம் அல்லாத மொழிப்படம் ஒன்று ஆஸ்கரில் சிறந்த படமாகத் தேர்வானது அதுவே முதன்முறை. சியோல் நகரில், பாதி மண்ணுக்குள் புதைந்த வீட்டில் வாழும் நால்வர், ஒரு செல்வர் மாளிகையில் ஆசிரியராக, ஓட்டுநராக, சமையற்காரியாக ஒவ்வொருவராய் நுழைகின்றனர். தாம் ஒரே குடும்பத்தினர் என்பதை மறைக்கின்றனர். முன்பிருந்த வேலையாட்களைச் சூழ்ச்சியால் வெளியேற்றுகின்றனர். ஆனால் அம்மாளிகையின் நிலவறையில் அவர்களினும் எளியவன் ஒருவன் ஏற்கெனவே ஒளிந்து வாழ்கிறான்.

நகை பிறப்பதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடமை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் வகுக்கிறது. அழுகைக்கு அது கூறும் நான்கனுள் இளிவும் வறுமையும் அடங்கும். அழுகைக்குரிய களத்தில் நகையை விளைவிப்பதே அவல நகைச்சுவை. சிரித்து முடிப்பதற்குள், எதைக் கண்டு சிரித்தோம் என்னும் கூச்சம் நம்மைப் பற்றிக்கொள்கிறது.

செல்வரின் சிறுவன் வேலையாட்களை முகர்ந்து பார்த்து, எல்லார்மீதும் ஒரே வாடை வீசுகிறது என்கிறான். மாடியில் பெரும் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். என்னோடு வந்திருந்த எங்கள் கோயிற்பிள்ளை சிரிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த தம் நாற்காலியை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

2020இல், இப்படம் விஜய் நடித்த 'மின்சார கண்ணா' (1999) படத்தின் கதையைத் தழுவியது என்று தயாரிப்பாளர் ஒருவர் புகார் எழுப்பியது நினைவிருக்கலாம். அங்கும் ஒரு குடும்பமே உறவை மறைத்துச் செல்வர் வீட்டில் வேலைக்கு நுழைகிறது. ஆயின் அது காதலுக்காகப் பூண்ட வேடம். காதல் கைகூடியதும் களைந்துவிடலாம். கொரியப் படத்தில் வேடம் பசிக்காக. உடை மாறுகிறது, பேச்சு மாறுகிறது, பொய்ச் சான்றிதழும் கிடைக்கிறது. மண்ணடி வீட்டின் வாடை மட்டும் போவதில்லை. வேடத்தைக் களையலாம், வாடையைக் களைய இயலாது. கதை ஒன்றா என்னும் வழக்கைவிட இந்த வேறுபாடே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஓர் இரவில் பெருமழை கொட்டுகிறது. மாளிகையிலிருந்து தப்பி, படிக்கட்டு படிக்கட்டாகக் கீழிறங்கி ஓடிவரும் குடும்பம், தன் வீடு கழிவுநீரில் மூழ்கியிருக்கக் காண்கிறது. மறுநாள் செல்வரின் மனைவி, நல்ல மழை, வானம் தெளிந்தது என்று தோழியிடம் மகிழ்கிறாள். 1977 நவம்பர் வெள்ளத்தை அறிந்த திருச்சி மக்களுக்கு, ஒரே மழை இருவேறு வீடுகளில் இருவேறு விதமாகப் பெய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இது கற்பனையும் அன்று. 2022 ஆகஸ்டில் சியோலில் பெய்த மழையில், இத்தகைய வீடொன்றில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் வெளியேற வழியின்றி மாண்டனர்.

இப்படத்துச் செல்வர் கொடியவர் அல்லர். கூலியைக் குறைக்கவில்லை, கடிந்து பேசவுமில்லை. லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் வரும் செல்வரும் இலாசரை அடித்ததாகக் குறிப்பில்லை. வாயிலில் கிடந்தவனை அவர் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவே. இறுதியில், குத்துண்டு கிடப்பவனின் வாடை தாளாமல் செல்வர் மூக்கைப் பொத்தும்போது, ஓட்டுநரின் கை கத்தியை எடுக்கிறது. அக்கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மூக்கைப் பொத்திய கையும் ஒருவனைக் கொன்றது என்பதை மறைக்கவும் இயலாது. கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கொரு சுவர் எழுப்பிய நம் திருச்சபைக்கு இதை எடுத்துரைக்கும் உரிமை உண்டா? கேட்டுக்கொள்ளும் கடமையாவது உண்டு.

எளியவர் எளியவரோடு மோதி அழிவதைக் காட்டும் இயக்குநர், அவர்கள் கைகோக்கும் ஒரு நொடியைக்கூடக் காட்டவில்லை. இது குறையென்றே முதலில் எண்ணினேன். படத்தின் முடிவு என்னைத் திருத்தியது. நிலவறையில் ஒளிந்த தந்தையை மீட்க, என்றேனும் பொருளீட்டி அம்மாளிகையையே வாங்குவதாக மகன் கனவு காண்கிறான். நிலவறையை ஒழிக்க அவன் கனவு காணவில்லை. மேலே குடியேறவே ஏங்குகிறான். மீட்பு என்பது மாடிக்கு இடம் மாறுவதுதானா? இக்கேள்வியை எழுப்பிவிட்டுப் படம் விலகிக்கொள்கிறது. விடை கூறும் பொறுப்பு நம்முடையது.

காவிரிப் பாலத்தில் திரும்பி வருகையில் கோயிற்பிள்ளை கேட்டார்: “அந்த மொதலாளி நல்ல மனுசன்தானே சாமி? அவருக்கே தெரியாமத்தானே மூக்கைப் பொத்துனாரு?”

எனக்கு விடை எழவில்லை. உய்யக்கொண்டான் வாய்க்காலோரம் இருக்கும் அவர் வீட்டில் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் என்பதை அறிவேன். ஒவ்வோர் ஆண்டும் அரிசியும் போர்வையும் அனுப்பியிருக்கிறேன். ஆறு ஆண்டுகளில் ஒருமுறையேனும் அங்குச் சென்றதில்லை.

மறுநாள் சென்றேன். வாசல் தாழ்வானது. குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது.