ஆப்பிரிக்காவில் காப்பியம் உண்டா? – ஓர் அளவுகோல் பற்றிய திறனாய்வு

ஆப்பிரிக்க வாய்மொழி இலக்கிய ஆய்வில் ரூத் ஃபின்னகனின் 'ஆப்பிரிக்காவில் வாய்மொழி இலக்கியம்' (1970) அடிப்படை நூலாக மதிக்கப்படுகிறது. சியரா லியோனின் லிம்பா மக்களிடையே களப்பணி ஆற்றிய அவர், வாய்மொழிப் படைப்பைத் தொல்குடி வாழ்வின் எச்சமாகக் கண்ட பழைய மானிடவியல் நோக்கை மறுத்து, அதனை நிகழ்த்துநரின் கலையாகப் போற்றியவர். அந்நூலிலேயே, சகாராவுக்குத் தெற்கே காப்பியம் என்னும் வகை ஏறத்தாழ இல்லை என்ற முடிவும் இடம்பெற்றது. அரபு இலக்கியத் தாக்கமுடைய சுவாகிலி 'உத்தென்சி' போன்ற எழுத்து வடிவங்கள் மட்டும் விலக்காகக் கொள்ளப்பட்டன. ஏனைய நெடுங்கதைகள் பெரும்பாலும் உரைநடையில் அமைந்து, இடையிடையே பாடல் விரவியவை. எனவே அவை காப்பியம் ஆகா என்பது அவ்வாதத்தின் சாரம்.

தொடர்ச்சியான செய்யுளே காப்பியத்தின் இலக்கணம் என்னும் கருத்து ஹோமரின் கிரேக்க மரபைத் தழுவியது. உரையும் பாட்டும் விரவிய சிலப்பதிகாரத்தைக் காப்பியமாகப் பயிலும் தமிழ் ஆய்வுலகுக்கு இவ்வளவுகோலின் குறுகிய எல்லை எளிதில் புலனாகும்.

மறுப்புகள் விரைந்து எழுந்தன. இஜோ மக்களின் 'ஒசிடி' கதையை நைஜீரியக் கவிஞர் ஜே. பி. கிளார்க் 1977இல் வெளியிட்டார். செவ்வியல் மொழிகளைப் பயின்ற நைஜீரிய அறிஞர் இசிடோர் ஒக்பெவோ, 'ஆப்பிரிக்காவில் காப்பியம்' (1979) என்னும் நூலில் ஆப்பிரிக்கக் கதைகளை ஹோமருடன் ஒப்பிட்டு, நிகழ்த்துதலே அவற்றின் அமைப்பை விளக்கும் என நிறுவினார். இம்மறுப்பு இன்றியமையாதது. எனினும், 'காப்பியம் உண்டா' என்னும் வினாவை மறுப்பாளரும் ஏற்றுக்கொண்டே விடை பகர்ந்தனர். அளவுகோல் நெகிழ்ந்ததே அன்றி, அகலவில்லை.

இதன் விளைவை 'முவிந்தோ காப்பியம்' (1969) தெளிவாக்குகிறது. கிழக்குக் காங்கோவின் நியாங்கா மக்கள் 'கரிசி' என வழங்கும் கதையை, 1956இல் ருரேக்கே என்னும் கலைஞர் பன்னிரண்டு நாள்கள் நிகழ்த்த, டானியல் பீபைக் பதிவு செய்தார்; பின்னர் காஹோம்போ மாட்டீனேயுடன் இணைந்து பதிப்பித்தார். முழுக் கதையையும் அடுத்தடுத்த நாள்களில் அதற்குமுன் தாம் நிகழ்த்தியதே இல்லை என ருரேக்கே வலியுறுத்தியதைப் பதிப்பாசிரியர்களே குறித்துள்ளனர். வேண்டிய பகுதியை மட்டும் அவ்வப்போது நிகழ்த்துவதே வழக்கம். அச்சில் உள்ள 'முழுமை' ஆய்வுச் சூழலில் உருவானது. இதனால் கதை பொய்யாகிவிடாது. முழுக் கதையும் ருரேக்கேயின் நினைவில் இருந்தது. ஆயினும் நூல்வடிவ முழுமையைக் கரிசியின் இயல்பாகக் கொள்வது பிழையாகும்.

ஃபாங் மக்களிடையே 'முவெட்' என்பது இசைக்கருவியையும், அதனோடு நிகழ்த்தப்படும் வீரக்கதையையும் ஒருங்கே குறிக்கும். கருவியிலிருந்து கதையைப் பிரிக்காத இப்பெயரே ஓர் இலக்கியக் கோட்பாட்டைத் தன்னகத்தே கொண்டுள்ளது. காப்பியம் என்ற தகுதியைப் பெற்றுத் தருவதைக் காட்டிலும், கரிசி, முவெட் என்னும் சொற்கள் எவற்றை ஒன்றாகக் காண்கின்றன, எவற்றை வேறாகக் காண்கின்றன என வினவுவதே பயன்தரும். ஒப்பீடு அதன் பின்னரே தொடங்கத்தக்கது. அந்நிலையில் ஹோமரும் அளவுகோலாக அமையாது, ஒப்பிடப்படும் மரபுகளுள் ஒன்றாக அமைவார்.