புத்திமதி சொல்லாத அதிகாரி

கேரளத்தின் மட்டாஞ்சேரி பஜாரில் மூட்டை தூக்கும் இருபது வயதுப் பையன் ஒருவன் கஞ்சா புகைத்துப் பிடிபட்டதாக வைத்துக்கொள்வோம். கஞ்சா வைத்திருந்ததாக வழக்குப் போட்டிருந்தால், போதைப்பொருள் சட்டத்தின் 33ஆம் பிரிவு நன்னடத்தை விடுதலைக்குக் குறுக்கே நிற்கும். புகைத்ததற்கான 27ஆம் பிரிவில் அந்தத் தடை இல்லை. வயது 21க்குக் கீழ் என்பதால், 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, சிறைக்கு அனுப்புமுன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டாக வேண்டும். ஆக, பையனும் அலுவலரும் எதிரெதிரே உட்காருகிறார்கள்.

"இதையெல்லாம் இத்தோட விட்டுடணும், புரியுதா தம்பி?"

"சரி சார்."

பெரும்பாலும் பேச்சு இங்கேயே முடிந்துவிடும். அந்தச் 'சரி' வெளியே போவதற்கான சரி. அலுவலர் வேறு மாதிரி ஆரம்பித்திருந்தால்?

"அதுல உனக்கு என்ன கிடைக்குது?"

"உடம்பு வலி தெரியாது சார். ஆனா கூலியில பாதி அதுக்கே போயிடுது. அம்மா முகம் குடுத்துப் பேசறதில்ல."

"வலிக்கு அது வேண்டியிருக்கு. அம்மா பேசாததும் தாங்கலை."

"ஆமா சார்... குறைக்கணும்னுதான் பாக்கறேன்."

விடவேண்டிய காரணத்தைப் பையனே சொல்லிவிட்டான். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் குடிநோயாளிகளுக்காக 1983இல் எழுதி, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்த மோட்டிவேஷனல் இன்டர்வியூ, அதாவது ஊக்கமூட்டும் நேர்காணல், இதுதான். கேட்க எளிது. அறிவுரை சொல்லியே சம்பளம் வாங்கிப் பழகியவருக்கு இதைவிடக் கஷ்டம் வேறில்லை.

கேரளத்தில் நன்னடத்தை அலுவலர் சமூகநீதித் துறையைச் சேர்ந்தவர். தமிழ்நாட்டில் சிறைத் துறைக்காரர். பையன் வாய் திறக்க வேண்டுமானால் கேரள ஏற்பாடே மேல் என்பேன். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் பிறந்த நவம்பர் 15ஐ நன்னடத்தை நாளாகக் கொண்டாடும் மாநிலம் அது.

அண்டை நாடான இலங்கையில் 1944ஆம் ஆண்டின் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் இந்தியச் சட்டத்துக்கு மூத்தது. ஆனால் அங்கே நன்னடத்தைத் திணைக்களத்தின் கவனம் பெரும்பாலும் சிறுவர் பக்கம் போய்விட்டது. வயதுவந்தவர்களுக்கென்று 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம் தனியே இயங்குகிறது. சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை, ஆலோசனை, போதை மறுவாழ்வு என்று கட்டளை பிறக்கும்போது அதிகாரியும் ஆளும் திரும்பத் திரும்பச் சந்திக்கிறார்கள். இந்தப் பேச்சுமுறை பலன் தர அதைவிட நல்ல வாய்ப்பு வேறென்ன? ஆசிய நாடுகளின் போதை ஆலோசகர்களுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் கொழும்புத் திட்டத்தின் தலைமையகமும் அங்கேதான். அதே நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயச் சிகிச்சைக்கு வழி செய்கிறது. கந்தக்காடு மறுவாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்ததையடுத்து நூற்றுக்கணக்கானோர் வேலி தாண்டி ஓடினார்கள். ஒரு கையால் கதவைத் திறந்து மறு கையால் பூட்டும் வேலை இது.

இரு நாட்டுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. காதுகொடுத்துக் கேட்பவரே நீதிபதிக்கு எழுதியும் கொடுக்கிறார். எது அறிக்கையில் ஏறும், எது ஏறாது என்பதை முதலிலேயே பையனிடம் சொல்லிவிடுவதுதான் நாணயம். இந்தப் பேச்சுமுறையில் அதிகாரிகளுக்குத் தரும் பயிற்சியின் முதல் மணி நேரம் இதற்கே போக வேண்டும்.

அடுத்தது பயிற்சியின் அளவு. நன்னடத்தை அலுவலர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு நடத்தி, பிறகு அவர்கள் பேசியதைப் பதிவுசெய்து கேட்டுப்பார்த்தார் மில்லர். நன்றாகக் கற்றுக்கொண்டதாக அவர்கள் நம்பினார்கள். பதிவில் தெரிந்த மாற்றமோ கொஞ்சம்தான். எதிரே இருந்தவர்களின் பேச்சும் மாறவில்லை. 2001இல் வெளியான முடிவு அது. வகுப்புக்குப் பின் பேச்சைக் கேட்டுத் திருத்துகிறவர் இருந்தால்தான் திறமை நிலைக்கிறது என்பதை 2004இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது.

ஆகவே திருவனந்தபுரமானாலும் கொழும்பானாலும், பயிற்சிக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் ஹாலுக்கும் சாப்பாட்டுக்கும் சான்றிதழுக்கும் முன்னால், ஆறு மாதம் கூடவே இருந்து திருத்தும் ஓர் ஆசிரியரின் சம்பளத்தை எழுதட்டும். அதற்குப் பணமில்லையென்றால் வகுப்பே நடத்த வேண்டாம்.